நோய் போன பின்னும் துணை வேண்டும்

“வைத்தியம் முடிந்துவிட்டது. இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும்.” புற்றுநோய் கண்ட குடும்பமொன்று இந்த வார்த்தையைக் கேட்கும் நாள் பெரிய நாள். நேர்த்தி வைத்தவர்கள் நேர்த்தியைத் தீர்க்கிறார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் செய்தி போகிறது. அயலவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதன்பின் ஒவ்வொருவரும் தத்தம் அலுவலைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம்.

நோயிலிருந்து மீண்டவர் முதியவராக இருந்தால், அவருக்கு அந்த நாளிலிருந்துதான் இன்னொரு சோதனை ஆரம்பமாகிறது. உடம்பில் பலமில்லை. நாலு அடி நடந்தால் களைப்பு. கேட்பதற்கு ஆளில்லை. விறாந்தைக் கதிரையில் இருந்தபடி பொழுது போகிறது. வைத்தியசாலை தன் கடமையைச் செய்துவிட்டது. குடும்பமும் தன்னால் இயன்றதைச் செய்துவிட்டது. மிச்சமுள்ள கடமை ஊருக்கு உரியது என்பதே எமது கருத்து. அந்தக் கடமை மிகவும் எளிமையானது: வாரத்தில் மூன்று நாள் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடப்பது, கையையும் காலையும் அசைக்கச் செய்வது, அந்த நேரத்தில் அவர்களோடு கதைப்பது.

எழுவைதீவும் தெல்லிப்பழையும்

எழுவைதீவை எடுத்துக்கொள்வோம். ஊர்காவற்றுறையிலிருந்து படகேறிப் போகவேண்டிய சிறு தீவு அது. அங்கிருந்து ஒருவர் தெல்லிப்பழைக்குக் கிளினிக் போவதென்றால், காலைப் படகில் ஊர்காவற்றுறைக்கு வந்து, பஸ்ஸில் வேலணை, பண்ணை வழியாக யாழ்ப்பாணம் சேர்ந்து, மறுபடியும் காங்கேசன்துறை வீதியால் இன்னொரு பஸ் ஏறவேண்டும். திரும்பும்போது படகு போய்விட்டால் அன்றிரவு யாராவது உறவினர் வீட்டில்தான் படுக்கை. கடல் குழம்பிய நாட்களில் போவதும் இல்லை, வருவதும் இல்லை.

ஆயினும் முன்பிருந்த நிலையோடு ஒப்பிட்டால் இது பெரிய ஆறுதல். போர்க்காலத்தில் எமது நோயாளர் பலர் மகரகம வைத்தியசாலையையே நம்பியிருக்க வேண்டியிருந்தது. ஏ-9 வீதி பூட்டப்பட்டிருந்த ஆண்டுகளில் அந்தப் பயணமே ஒரு நோயாக இருந்ததை எமது முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். 2013ஆம் ஆண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை திறக்கப்பட்டது. அது எப்படி உருவானது என்பதை இங்கே நினைவுபடுத்துவது பொருத்தம். 2011 ஜூலை மாதத்தில் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவ ஆகிய இருவரும் முன்னின்று ஒரு நடைபயணத்தை ஒழுங்கு செய்தனர். தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை ஏறக்குறைய 670 கிலோமீற்றர் தூரம். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழிவழியாக வந்து சேர்ந்து நடந்தார்கள். அந்த நடையால் திரண்ட பணமே தெல்லிப்பழையில் கட்டடமாக எழுந்தது.

பலர் சேர்ந்து நடந்ததால் எமக்கு ஒரு வைத்தியசாலை கிடைத்தது. அந்த வைத்தியசாலையிலிருந்து சுகமாகி வீட்டுக்கு வருபவர்களோடு நாம் ஒரு கட்டையளவு தூரமாவது சேர்ந்து நடக்கிறோமா என்பதே இன்றைய கேள்வி. இரண்டு கிளினிக் நாட்களுக்கு இடையே ஆறு மாதம் கிடக்கிறது. அந்த ஆறு மாதத்தில் “இன்றைக்கு எவ்வளவு தூரம் நடந்தீர்கள்?” என்று அவரிடம் கேட்பதற்கு ஒருவரும் இல்லை.

இடம்பெயர்வோடு போனது காணி மாத்திரமா?

எமது வாசகர்களில் பலர் இப்போது பிறந்த ஊரில் இல்லை. 1990இல் தீவுப்பகுதியிலிருந்தும் வலிகாமம் வடக்கிலிருந்தும் வெளியேறியவர்கள், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து ஒரே இரவில் புறப்பட்டவர்கள், அதன்பின் வன்னியில் ஊர் ஊராக அலைந்தவர்கள் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கதை உண்டு. சிலர் திரும்பினோம். சிலர் பட்டினத்தின் ஓரத்தில் நாலு பரப்புக் காணியிலோ வாடகை வீட்டிலோ தங்கிவிட்டோம். அன்று நாற்பது வயதில் மண்வெட்டியோடு நின்றவர்களுக்கு இன்று எழுபத்தைந்து வயது. புற்றுநோய் அதிகம் வருவதும் முதுமையில்தான். ஆகவே இது எமது வாசகர்களின் பெற்றோரைப் பற்றிய விடயம். எம்மில் சிலரைப் பற்றிய விடயமும் கூட.

ஊரில் இருந்தபோது உடற்பயிற்சி என்ற சொல்லே எமக்குத் தேவைப்படவில்லை. துலா மிதித்தோம். பிறகு இயந்திரம் வந்தபோதும் வாய்க்கால் கட்டினோம். கன்று நட்டோம், களை பிடுங்கினோம், பனங்கிழங்கு கிண்டினோம், கிடுகு பின்னினோம். இவற்றில் எதையும் தனியே செய்யவில்லை. ஒரு தறைக்கு மிளகாய் நடுவதென்றால் அயலில் உள்ள நாலு வீட்டாரும் வந்தார்கள். கிடுகு பின்னும்போது கை பின்னியது, வாய் ஊர்க்கதை பேசியது. உடம்புக்கு வேலையும் மனதுக்குத் துணையும் ஒரே நேரத்தில் கிடைத்தன.

இடம்பெயர்ந்தபோது காணியையும் கிணற்றையும் இழந்தோம் என்று கணக்குச் சொல்கிறோம். அந்தக் காணியோடு சேர்ந்து போன இன்னொன்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு முதியவரின் உடம்பைத் தினமும் அசைய வைத்த காரணமும், அவர் பெயர் சொல்லி அழைத்த அயலும் போயின. இளவயதினர் புதிய இடத்தில் புதிய தொழிலையும் புதிய நண்பர்களையும் தேடிக்கொண்டார்கள். முதியவர்களால் அது முடியவில்லை. அப்படிப்பட்ட ஒருவருக்குப் புற்றுநோயும் வந்து போனால் அவர் இருமடங்கு தனிமைப்படுகிறார். தீவிலேயே தங்கிவிட்ட முதியோர் நிலையும் இதற்குக் குறைந்ததல்ல. அயல் இருக்கிறது, ஆனால் பிள்ளைகள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

“நீங்கள் சும்மா இருங்கோ”

எமது வீடுகளில் அன்பு இப்படித்தான் பேசுகிறது: “அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ. நாங்கள் செய்யிறம்.” தண்ணீர் அள்ள விடமாட்டோம். முற்றம் கூட்ட விடமாட்டோம். கடைக்குப் போக விடமாட்டோம். பாசத்தால் செய்வதுதான். ஆனால் அதன் விளைவு பாசத்துக்கு எதிரானது.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் வரும் களைப்பு, நாள் முழுக்கத் தோட்டம் கொத்திய களைப்பைப் போன்றதல்ல. கொத்திய களைப்பு ஒரு நித்திரையில் போய்விடும். இது படுத்தாலும் போகாது. கீமோ மருந்தும், ஊரில் ‘கரண்ட் பிடிப்பது’ என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சையும் உடம்பை வாட்டுகின்றன. அந்த நேரத்தில் தசைகளுக்கு வேலை கொடுக்காமல் விட்டால் அவை மெலிகின்றன. முதியவர்களில் இந்த மெலிவு மிக விரைவாக வரும். தசை மெலிந்தால் சிறு வேலைக்கும் களைப்பு அதிகமாகும். களைப்பு அதிகமானால் இன்னும் படுக்கிறார். இன்னும் படுத்தால் இன்னும் மெலிகிறார். இந்தச் சுழியிலிருந்து வெளியே வர ஒரே வழி சிறிது சிறிதாக அசைவதுதான்.

2019ஆம் ஆண்டு பல நாட்டு நிபுணர்கள் அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்துப் பொதுவான ஓர் அறிவுரையை வெளியிட்டனர். வாரத்தில் மூன்று நாள், நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் ஓரளவு விரைவான நடை. வாரத்தில் இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சி. இதனால் களைப்பும், மனப்பதற்றமும், மனச்சோர்வும் குறைகின்றன. அன்றாட வேலைகளைச் செய்யும் ஆற்றல் கூடுகின்றது என்பது அவர்கள் கண்ட முடிவு. அரை மணித்தியால நடைக்குப் பணம் தேவையில்லை. ஆனால் எழுந்து புறப்பட ஒரு காரணம் தேவை. முற்றத்துக்கு வந்து “அக்கா, வாங்கோ போவம்” என்று கூப்பிடும் ஒரு குரல்தான் அந்தக் காரணம்.

கையில் கொடுத்த புத்தகமும் கூட வந்த ஆளும்

“நடக்கச் சொல்லி வைத்தியர் சொன்னவர்தானே, அவர் நடக்காவிட்டால் நாங்கள் என்ன செய்ய?” என்று கேட்போர் உண்டு. அவர்களுக்குச் சொல்ல எம்மிடம் ஒரு செய்தி உண்டு.

2009ஆம் ஆண்டு தொடங்கி 2024 வரை கனடா, அவுஸ்திரேலியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. பெருங்குடலில் புற்றுநோய் வந்து, அறுவைச் சிகிச்சையும் கீமோ மருந்தும் முடிந்த 889 பேர் அதில் பங்குபற்றினர். அவர்களை இரு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியினருக்கு உடற்பயிற்சியும் நல்ல உணவும் வேண்டும் என்று விளக்கும் நூல்களைக் கொடுத்தனர். மற்றப் பகுதியினருக்கு அதே நூல்களோடு ஓர் ஆலோசகரையும் கொடுத்தனர். அவர் மூன்று ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து சந்தித்தார், பயிற்சி செய்வித்தார், தடை வந்தபோது வழி சொன்னார். பெரும்பாலானோர் செய்தது விரைவான நடையே.

2025 ஜூன் மாதத்தில் முடிவு வெளியானது. எட்டு ஆண்டுகளின் பின் பார்த்தபோது, நூல் மாத்திரம் பெற்றவர்களில் நூற்றுக்கு 83 பேர் உயிரோடிருந்தனர். துணையோடு பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர் உயிரோடிருந்தனர். நோய் திரும்பி வருவதும் இரண்டாவது பகுதியினரில் குறைவாக இருந்தது. இது பெருங்குடற் புற்றுநோய்க்காரரிடம் நடந்த ஆய்வு. எல்லாப் புற்றுநோய்க்கும் இதே கணக்கு என்று நாம் சொல்லமாட்டோம். நடை கீமோவுக்குப் பதிலாகும் என்றும் யாரும் எண்ணக்கூடாது. அவர்கள் எல்லோரும் முழுச் சிகிச்சையையும் பெற்றவர்கள். ஆனால் ஒரு பாடம் தெளிவானது. அறிவுரை இரு பகுதியினருக்கும் கிடைத்தது. வேறுபாட்டை உண்டாக்கியது கூட நின்ற ஆளும் அவர் செய்வித்த பயிற்சியுமே.

தண்டு வலித்த பெண்கள்

தீவு மக்களுக்கு உடனே விளங்கக்கூடிய இன்னொரு கதையும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை செய்யும்போது கமக்கட்டில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுப்பதுண்டு. அதன்பின் சிலருக்கு அந்தக் கை வீங்கும். ஆகவே “அந்தக் கையால் பாரம் தூக்காதே, திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்யாதே” என்பதே உலகெங்கும் வைத்தியர்கள் சொல்லிவந்த அறிவுரை. எமது பெண்கள் பலர் இன்றும் அந்தக் கையைத் தூக்கவே பயந்து, மடியில் வைத்தபடி இருக்கிறார்கள்.

1996ஆம் ஆண்டு கனடாவின் வன்கூவர் நகரில் டொன் மக்கென்சி என்ற வைத்தியர் இதைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 24 பெண்களைச் சேர்த்து, படிப்படியாகப் பயிற்றுவித்து, இருபது பேர் ஒன்றாகத் துடுப்பு வலிக்கும் நீண்ட வள்ளத்தில் ஏற்றினார். பருவம் முழுவதும் வலித்தும் ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. அந்தப் பெண்கள் வள்ளத்தை விட்டு இறங்க மறுத்துவிட்டார்கள். இன்று உலகின் பல நாடுகளில் இப்படிப்பட்ட வள்ளக் குழுக்கள் இயங்குகின்றன. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் கை வீங்கிய 141 பெண்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், மேற்பார்வையோடு மெல்ல மெல்லப் பாரம் தூக்கப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்பதும், வீக்கம் திடீரென்று மோசமாவது குறைந்தது என்பதும் தெரியவந்தன.

எமது தாய்மாரை நாம் வள்ளத்தில் ஏற்றச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் ஏன் இறங்க மறுத்தார்கள் என்பதை யோசியுங்கள். வள்ளத்தில் இருந்த ஒவ்வொருத்திக்கும் மற்றவளின் நோய் தெரியும். அங்கே யாருக்கும் எதையும் மறைக்க வேண்டியிருக்கவில்லை. தண்டு வலிக்கும்போது ஒருத்தி தளர்ந்தால் மற்றவள் இழுத்துக்கொள்வாள் என்பது கடலோடும் குடும்பங்களுக்கு நாம் சொல்லித் தரவேண்டிய விடயமல்ல.

மறைப்பதால் வரும் நோய்

எமது சமூகத்தில் இந்த நோயின் பெயரைச் சொல்லவே தயங்குகிறோம். “கட்டி”, “வருத்தம்” என்று சுற்றி வளைக்கிறோம். பேத்தியின் கலியாணம் குழம்பும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் உண்டு. தொற்றும் என்று எண்ணித் தனிக்கோப்பை வைக்கும் வீடுகளும் இல்லாமலில்லை. புற்றுநோய் ஒருவர் குடித்த கோப்பையால் இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. பெரும்பாலான புற்றுநோய்கள் பரம்பரையாக வருவனவும் அல்ல. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். அதற்கு முக்கிய காரணம் புகையிலையும் பாக்கும் சேர்ந்த வெற்றிலை, சுருட்டு, சிகரெட், மதுபானம் என்பவை. வாயிலும் கழுத்திலும் அறுவைச் சிகிச்சை செய்தவர் பேச்சுத் தெளிவில்லாமல் போனதால் சபைக்கு வர வெட்கப்படுகிறார். மார்பு எடுத்தவர் சட்டை சரியாக நிற்காது என்று கோயிலுக்குப் போவதை நிறுத்துகிறார். குடல் சிகிச்சைக்குப் பின் வயிற்றில் பை வைத்தவர் மணக்குமோ என்று பயந்து பஸ் ஏறுவதில்லை. இப்படி ஒவ்வொருவராக ஊரின் கண்ணிலிருந்து மறைகிறார்கள்.

இந்த மறைவு உயிரையே தொடும் விடயம். 2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 தாதியரைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. உறவும் நட்பும் நிறைந்தவர்களோடு ஒப்பிடுகையில், நோய் வருமுன்பே தனிமைப்பட்டிருந்தவர்கள் அந்த நோயால் இறந்த விகிதம் இருமடங்காக இருந்தது. 2025இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்றது. அயலும் சுற்றமும் மனித உடலுக்கு உணவைப் போலத் தேவையானவை. இடம்பெயர்ந்தவர்களாகிய எமக்கு இதை அனுபவம் முன்னமே சொல்லித் தந்திருக்கிறது. முகாமில் அடுத்த கொட்டிலில் யாரோ ஒருவர் இருந்ததால் தாங்கிக்கொண்ட இரவுகள் எத்தனை!

எழக்கூடிய கேள்விகள்

“தோட்டம் கொத்தின உடம்புக்கு என்ன உடற்பயிற்சி?” என்று சிரிப்பவர்களுக்கு: அந்த உடம்பு கொத்திய நாட்களில் பலமாக இருந்தது உண்மை. இன்று அது கொத்துவதில்லை. வைப்பில் போட்ட பணத்தை எடுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் முடிந்துவிடும். தசையின் பலமும் அப்படித்தான்.

“ஊர் என்ன சொல்லும்?” என்று தயங்குபவர்களுக்கு: இதற்குப் ‘புற்றுநோயாளர் குழு’ என்று பெயர் வைக்கவேண்டாம் என்பதே எமது யோசனை. ‘முதியோர் நடைக்குழு’ என்று வையுங்கள். நீரிழிவு உள்ளவரும் வரட்டும், பிறஷர் உள்ளவரும் வரட்டும், ஒரு வருத்தமும் இல்லாதவரும் வரட்டும். தன் நோயைச் சொல்ல விரும்புபவர் தனக்கு நம்பிக்கை வந்தபின் சொல்லட்டும். விரும்பாதவரை யாரும் துருவிக் கேட்கக்கூடாது. பெண்கள் தனியாக நடக்க விரும்பினால் தனிக்குழுவாக நடக்கட்டும்.

“விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?” என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் தொடங்கும் முன் வைத்தியரிடம் கேட்கவேண்டும் என்று சொல்கிறோம். எலும்பில் நோய் பரவியவர், இரத்தம் குறைந்தவர், இருதய வருத்தம் உள்ளவர், கீமோவுக்குப் பின் பாதம் விறைத்துப் போனவர், வயிற்றில் பை வைத்திருப்பவர் ஆகியோருக்கு எந்த அசைவு கூடும், எது கூடாது என்பதை அடுத்த கிளினிக்கில் கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். காய்ச்சல், நெஞ்சுநோ, மூச்சுமுட்டு, தலைச்சுற்று, புதிதாக எலும்புநோ இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம், வைத்தியரைக் காணவேண்டும். கை வீங்கினாலோ சிவந்தாலோ தாமதிக்கக்கூடாது. கதிரையிலேயே இருந்துவிட்டால் விழமாட்டார் என்று எண்ணுவது சரியல்ல. காலில் பலம் குறைந்தவர்தான் இரவில் கழிவறைக்கு எழும்போது விழுகிறார்.

எப்படித் தொடங்கலாம்?

ஐந்து பேர் போதும். வாரத்தில் மூன்று நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் ஏறுமுன் காலை ஆறு மணி நல்லது. முடியாவிட்டால் மாலை ஐந்து மணி. இடம் வாசிகசாலை முற்றமோ, கோயில் வீதியோ, தேவாலய வளவோ, முன்பள்ளி மண்டபமோ எதுவாகவும் இருக்கலாம். எழுவைதீவைப் போன்ற இடத்தில் வாகன நெரிசல் இல்லாத வீதியே பெரிய வசதி. பட்டினத்தில் இருப்பவர்கள் பாடசாலை மைதானத்தைக் கேட்டுப் பெறலாம்.

முதல் வாரம் ஐந்து நிமிடம் நடந்தால் போதும். அடுத்த வாரம் ஏழு நிமிடம். இப்படி ஏற்றிக்கொண்டு போய் இரண்டு மூன்று மாதத்தில் அரை மணித்தியாலத்தை எட்டலாம். நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடியவேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியாதிருக்க வேண்டும். அதுவே சரியான வேகம். மிக மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகம். முந்திப் போக விரும்புபவர் போய்த் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

நடை முடிந்ததும் பத்து நிமிடம் பலப் பயிற்சி. உறுதியான கதிரையில் இருந்து கையூன்றாமல் எழுந்து மறுபடி இருப்பது. முடியாதவர் கையூன்றியே தொடங்கலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி இறக்குவது. சுவரில் விரல்களை ஏணிப்படி போல ஏற்றிக் கையை உயர்த்துவது. மார்பிலும் கழுத்திலும் சிகிச்சை செய்தவர்களின் தோள் இறுகாமலிருக்க இது உதவும். அரை லீற்றர்ப் போத்தலில் பாதித் தண்ணீர் நிரப்பி மெதுவாகத் தூக்குவது. பழகப் பழகத் தண்ணீரைக் கூட்டலாம். ஒவ்வொன்றும் எட்டுத் தடவை, பத்துத் தடவை. வைத்தியசாலையில் இயன்மருத்துவர் இருந்தால் ஒருமுறை அவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாகச் செய்யவேண்டியதை மறக்கவேண்டாம். எல்லோரும் இருந்து பிளேன்ரீ குடியுங்கள். இதை வீண்பொழுது என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கு மருந்து முடிந்துவிட்டது, யாருக்கு அடுத்த கிளினிக் எப்போது, யாரோடு கூடப் போக ஆள் வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கால் மணித்தியாலத்தில்தான் தெரியவரும். தீவிலிருந்து இருவருக்கு ஒரே நாளில் கிளினிக் கிடைத்தால் இருவரும் ஒரே படகில் போகலாம். ஒருநாள் வராதவரின் வீட்டுக்கு அன்றே ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும். இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

யார் முன்வருவது?

புதிய அமைப்பொன்றை உருவாக்கும்படி நாம் கேட்கவில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் பின் எமது கிராமங்களில் முதியோர் சங்கங்கள் அமைக்கப்பட்டுள்ளன. வருடத்தில் ஒருநாள் முதியோர் தினம் கொண்டாடி, பொன்னாடை போர்த்தி, பொதி கொடுத்து அனுப்புவதோடு ஒரு சங்கத்தின் வேலை முடிந்துவிடக்கூடாது. ஒரு பொதி ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். நடைக்குழு வருடம் முழுவதும் நிற்கும். மாதர் சங்கத்தினரும், வேலை தேடிக்கொண்டிருக்கும் இளைஞர் யுவதிகளும் ஒருவர் மாறி ஒருவர் கூட வரலாம். குடும்பநல உத்தியோகத்தரிடமும் பொதுச்சுகாதாரப் பரிசோதகரிடமும் ஆலோசனை கேட்கலாம்.

சாதாரண மக்களால் இது முடியுமா என்று சந்தேகிப்பவர்கள் அயலிலுள்ள கேரளத்தைப் பார்க்கலாம். 1993இல் கோழிக்கோட்டில் சில வைத்தியர்கள் புற்றுநோயாளரின் வலியைத் தணிக்கும் பணியைத் தொடங்கினர். வைத்தியர்களால் மாத்திரம் எல்லா வீட்டுக்கும் போகமுடியாது என்பதை அவர்கள் விரைவில் கண்டனர். 2001இல் அயலவர்களையே பயிற்றி, வீடு வீடாகப் போகச் செய்யும் ஓர் ஒழுங்கை மலப்புறம் முதலிய மாவட்டங்களில் ஏற்படுத்தினர். கடைக்காரர், ஆசிரியர், கூலித்தொழிலாளர் என்று பலரும் வாரத்தில் சில மணித்தியாலம் கொடுத்தனர். ஊரிலேயே சிறுசிறு தொகையாகப் பணம் சேர்ந்தது. அரசாங்கம் 2008இல் அந்தப் பணியைத் தனது கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது. மக்கள் முதலில் செய்தார்கள், அரசு பின்னால் வந்தது.

எமக்கும் அதுவே வழி. தெல்லிப்பழையில் இடநெருக்கடி குறையவேண்டும், தீவுக்குப் படகு ஒழுங்காக ஓடவேண்டும், இயன்மருத்துவர்கள் கிராமத்துக்கு வரவேண்டும் என்று கேட்பது எமது உரிமை. அதைத் தொடர்ந்து கேட்போம். ஆனால் காலையில் ஒரு முதியவரை வீட்டிலிருந்து அழைத்துச் செல்வதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை.

உங்கள் கிராமத்து முதியோர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். அதற்கு முன்பாக, உங்கள் ஒழுங்கையில் சிகிச்சை முடிந்து வீட்டோடு இருக்கும் ஒருவரின் பெயரை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை வெயில் ஏறுமுன் அவர் படலையைத் திறந்து கூப்பிடுங்கள். முதல்நாள் மறுப்பார். மறுநாளும் போய்க் கூப்பிடுங்கள்.